அமைப்பின் இணையத்தளத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்ததா?

செயலவைக் கூட்டத்தில் ஒருவர் "நம்ம வெப்சைட் ரொம்பப் பழசாயிடுச்சு" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். கூட்டம் முடிவதற்குள், தமிழ்த் தட்டச்சு தெரிந்த ஒரு தொண்டூழியர் தலையில் வேலை கட்டப்பட்டிருக்கும். அந்த ஒருவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. சங்கம், கோயில், முன்னாள் மாணவர் அமைப்பு எதுவாக இருந்தாலும் சிங்கப்பூரில் இந்த வேலை இழுபடும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். நிறமும் படமும் தேர்வு செய்வதில் யாரும் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்வதில்லை. மறந்துபோன கடவுச்சொல்லும், யூனிகோடுக்கு (எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்துக் குறியாக்கம்) மாறாத பழைய கட்டுரைகளும்தான் ஆளைக் கட்டிப்போடும். அதனால் வடிவமைப்பாளரை அழைப்பது இந்த வரிசையில் 6ஆவது படியில்தான் வருகிறது.

1. சாவி யார் கையில்?

முதல் வாரம் முழுக்க இதற்கே ஒதுக்குங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: தளத்தின் பெயர் எந்தப் பதிவாளரிடம் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது, ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்) எங்கே, யாருடைய கடன்அட்டையில் பணம் போகிறது, மின்னஞ்சல் எங்கிருந்து ஓடுகிறது, கூகுள் அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல் (கூகுள் தேடல் வழி வருவோரைக் காட்டும் கருவி), ஃபேஸ்புக் பக்கம், யூடியூப் ஒளிவழி ஆகியவற்றின் நிர்வாகி யார்.

எஸ்ஜி என முடியும் பெயர்களை எஸ்ஜிநிக் என்ற பதிவகம் நிர்வகிக்கிறது. பெயர் யாருடையது என்று காட்டும் அதன் ஹூயிஸ் தேடலில் உங்கள் தளத்தின் பெயரைப் போட்டால் பதிவு செய்தவர், பதிவாளர், காலாவதித் தேதி ஆகியவை தெரியும். பதிவு செய்தவர் என்ற இடத்தில் அமைப்பின் பெயர் இருக்க வேண்டும். பத்தாண்டுக்கு முன் செயலாளராக இருந்தவர் பெயரோ, பழைய வடிவமைப்பு நிறுவனத்தின் பெயரோ இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், பிறகு மற்றவை. இதற்கு அமைப்பின் பதிவுச் சான்றிதழ், யூஇஎன் எண் (அரசாங்கம் அமைப்புக்குத் தரும் அடையாள எண்), செயலவைத் தீர்மானத்தின் நகல் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழையவர் வெளிநாட்டில் இருக்கலாம், தொலைபேசி எண் மாறியிருக்கலாம். 3, 4 வாரம் பிடிக்கும் என்று நினைத்தே தொடங்குங்கள்.

எஸ்ஜி பெயர்களுக்கு நிர்வாகத் தொடர்பாளர் ஒருவர் வேண்டும். புதிதாகப் பதிவு செய்யும்போது அவர் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு) வழியாகத் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். 21 நாளுக்குள் செய்யாவிட்டால் பெயர் முடக்கப்படும். ஆகவே சிங்பாஸ் வைத்திருப்பவராக, மின்னஞ்சலை அன்றாடம் பார்ப்பவராக ஒருவரைப் போடுங்கள். மரியாதைக்காகத் தலைவரைப் போட்டுவிட்டு, அவர் அந்த மின்னஞ்சலைத் திறக்கவே இல்லை என்று தவிக்காதீர்கள்.

எல்லாக் கணக்குகளையும் தனிநபர் மின்னஞ்சலிலிருந்து எடுத்து, "செயலாளர்" என்பது போன்ற பொறுப்பின் பெயரிலுள்ள முகவரிக்கு மாற்றுங்கள். இருபடிச் சரிபார்ப்புக் குறியீடு யாருடைய கைப்பேசிக்குப் போகிறது என்பதையும் அப்போதே பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

2. இருப்பதை எண்ணுங்கள்

பழைய தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு விரிதாளில் வரிசையாக இடுங்கள். ஒரு வரிக்கு ஒரு பக்கம். கட்டங்கள் இவை: பழைய முகவரி, தலைப்பு, மொழி, எந்த எழுத்துக் குறியாக்கம் (யூனிகோடா, பழையதா; 4ஆவது படியைப் பாருங்கள்), கடைசியாகத் திருத்திய ஆண்டு, கடந்த ஆண்டு எத்தனை பேர் வந்தார்கள், முடிவு, புதிய முகவரி, பொறுப்பாளர். "முடிவு" என்ற கட்டத்தில் வைத்துக்கொள், திருத்தி எழுது, காப்பகத்துக்கு அனுப்பு, நீக்கு என்ற நான்கில் ஒன்றுதான் வர வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்று ஐந்தாவது ஒன்றை அனுமதித்தால் பாதிப் பக்கங்கள் அதில்தான் போய் உட்காரும்.

வருகை எண்ணிக்கைக்கு சர்ச் கன்சோல் போதும். அது 16 மாதத் தரவு மட்டுமே வைத்திருக்கும்; இன்றே ஒரு நகல் எடுத்துவையுங்கள். அதைப் பார்த்தால் செயலவையில் நடக்கும் பாதி வாக்குவாதம் தானே அடங்கும். தலைவரின் வாழ்த்துச் செய்தியை யாரும் திறப்பதில்லை, மண்டப வாடகை விவரத்தை எல்லாரும் தேடுகிறார்கள் என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.

இப்போது நேரக் கணக்குப் போடுங்கள். 240 பக்கம் இருக்கிறது, ஒவ்வொன்றையும் படித்து, சரிபார்த்து, புதிய தளத்தில் ஏற்ற 20 நிமிடம் என்று வைத்தால் 80 மணி நேரம். வாரம் 4 மணி நேரம் தரக்கூடிய தொண்டூழியர் இருவர் இருந்தால் 10 வாரம். வடிவமைப்பாளர் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் இந்த 10 வாரம் குறையாது. குறைக்க ஒரே வழி, "நீக்கு" என்ற முடிவைத் தாராளமாக எடுப்பது.

காணாமற்போன பழைய பக்கங்களைத் தேடுகிறீர்கள் என்றால், தேசிய நூலக வாரியத்தின் சிங்கப்பூர் இணையக் காப்பகத்தில் பாருங்கள். எஸ்ஜி தளங்களை அது சேமித்து வருகிறது. பழைய விழா மலர்ப் பக்கங்கள் சில அங்கே கிடைக்கக்கூடும்.

பதிவேற்றக் கோப்புறையைக் குடைந்து பார்க்க மறவாதீர்கள். 2012 போட்டியில் கலந்துகொண்டோர் பட்டியல், அடையாள அட்டை எண், வீட்டு முகவரியுடன் ஒரு எக்செல் கோப்பாக அங்கே கிடக்கலாம். எந்தப் பக்கத்திலும் இணைப்பு இல்லாவிட்டாலும் தேடுபொறி அதைக் கண்டுபிடித்துவிடும். கண்டால் அன்றே அகற்றுங்கள், புதிய தளம் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

3. யாருக்காக

ஒரே பக்கத்தில் எழுதி முடியுங்கள். தளத்துக்கு வருபவர் செய்ய நினைக்கும் முதல் 5 வேலைகள் எவை? கோயில் என்றால் பூசை நேரம், அர்ச்சனை முன்பதிவு, மண்டப வாடகை, நன்கொடை, வழி. சங்கம் என்றால் நிகழ்ச்சிப் பதிவு, உறுப்பினர் சேர்க்கை, போட்டி விதிமுறை. இந்த ஐந்தும் கைப்பேசியில் இரண்டு தட்டலுக்குள் கிடைக்க வேண்டும் என்று எழுதிச் செயலவையில் ஒப்புதல் வாங்குங்கள். கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். பிறகு யாராவது முகப்பில் ஏழு படம் ஓட வேண்டும் என்று கேட்டால் இந்தத் தாளைக் காட்டலாம்.

4. தமிழ் எழுத்து: அதிக நேரம் தின்னும் இடம்

பழைய தளங்களில் உள்ள தமிழ் எல்லாம் யூனிகோடு அல்ல. இங்கே பல ஆண்டுகள் பழைய முரசு எழுத்துருக்கள், திஸ்கி, டாப், பாமினி என்று பல பழைய குறியாக்கங்களில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். சோதனை எளிது: ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குழம்பி வந்தால் பழைய குறியாக்கம். பீடிஎஃப் மலர்களில் ஒரு நடுநிலையும் உண்டு. தமிழ்தான் வரும், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அதை எழுத்துரு மாற்றியில் (பழைய குறியாக்கத்தை யூனிகோடாக்கும் கருவி) போட்டுப் பயனில்லை, கையால்தான் திருத்த வேண்டும்.

மாற்றியில் போடும் முன் எந்தக் குறியாக்கம் என்று உறுதிப்படுத்துங்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருக்கிறது. ஆகவே கட்டுரைக்கு நடுவே வரும் ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் மாற்றியில் தமிழ்க் குப்பையாகிவிடும். திஸ்கியில் இந்தத் தொல்லை இல்லை. எதில் மாற்றினாலும் ஸ்ரீ, மேற்கோள் குறி, எண்கள் ஆகியவற்றைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

பார்க்கச் சரியாக இருந்தும் தேடினால் கிடைக்காத சொற்கள் உண்டு. "ஔவையார்" என்று முதல் எழுத்தை ஒரே குறியாகவும் அடிக்கலாம். ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் போட்டும் அடிப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. "கொ" என்பதில் கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்ட பழக்கமும் இப்படித்தான். இதை யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் முறை) சரிசெய்துவிடும். ஔ, ஒள குழப்பத்தை அது சரிசெய்யாது. தேடி மாற்ற வேண்டியதுதான்.

பக்கத்தின் இணைய முகவரியில் தமிழ் வைப்பதா? அழகுதான். ஆனால் ஒட்டி அனுப்பும்போது ஒவ்வொரு குறியும் (புள்ளி, கொம்பு போன்றவையும் தனிக் குறிதான்) சதவீதக் குறியோடு 9 எழுத்தாக விரியும். "தமிழ்" என்பது 5 குறி, 45 எழுத்து. "நிகழ்ச்சிகள்" 12 குறி, 108 எழுத்து. வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் முகவரியின் பக்கப்பெயருக்கு 200 எழுத்துதான் இடம். அதாவது ஏறத்தாழ 22 குறிக்கு மேல் போனால் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். ஒரே தொடக்கம் கொண்ட இரு தலைப்புகள் ஒரே மாதிரி முகவரி பெற்று இரண்டாவதன் பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். பக்க முகவரிகளைச் சுருக்கமாக ரோமன் எழுத்தில் வைப்பதே நல்லது. தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருந்தால் தேடலுக்குப் போதும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்ற கட்டற்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. விலைகொடுத்து வாங்கிய எழுத்துரு என்றால் இணையத்துக்குத் தனி உரிமம் வேண்டுமா என்று கேளுங்கள். அச்சுக்கு வாங்கியது தளத்துக்குச் செல்லாமல் போகலாம். வரி உயரத்தை எழுத்தளவின் 1.6 முதல் 1.8 மடங்கு வரை வையுங்கள். ஆங்கிலத்துக்கென்று செய்த வார்ப்புருக்கள் (தயார்நிலைத் தள வடிவங்கள்) தலைப்புகளில் எழுத்து இடைவெளியைக் குறுக்கியிருக்கும். தமிழில் அது எழுத்தோடு எழுத்தை மோதவைக்கும். சாய்வெழுத்தைத் தமிழுக்கு அடியோடு விட்டுவிடுங்கள்.

வடிவமைப்பாளர் முதல் மாதிரியை "லோரம் இப்சம்" என்ற பொருளற்ற நிரப்பு உரையைப் போட்டுக் காட்டுவார். ஏற்காதீர்கள். உங்கள் தளத்தின் மிக நீளமான உண்மைச் சொற்களை அவரிடம் கொடுங்கள்: பட்டியலில் "தொண்டூழியராகச் சேருங்கள்", தலைப்பில் "ஒருங்கிணைப்பாளர்களுக்கான". குறுகிய கைப்பேசித் திரையில் இவை எப்படி மடங்குகின்றன என்று படம் கேளுங்கள். உலாவிகள் தமிழ்ச் சொல்லை அழகாக உடைப்பதில்லை. சொல் திரைக்கு வெளியே ஓடும், பக்கம் பக்கவாட்டில் ஆடும்.

இயந்திர மொழிபெயர்ப்பு ஒட்டுக்கருவி போட்டால் மொழி மாற்றம் தானாக நடக்கும் என்று யாராவது சொல்வார்கள். முகப்பு "வீடு" ஆகும், முன்பதிவுப் பொத்தான் "புத்தகம்" ஆகும். எல்லாப் பக்கமும் இரு மொழியில் வேண்டும் என்பதில்லை. அந்த 5 வேலைகளுக்கான பக்கங்களை இரு மொழியிலும், கட்டுரைகளை எழுதிய மொழியிலேயே விடலாம்.

படிவங்களில் பெயருக்கு ஒரே கட்டம் போதும்: "அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்". முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்தால் நம்மவர்கள் தந்தை பெயரை எங்கே இடுவது என்று தெரியாமல் திணறுவார்கள். சான்றிதழ் அச்சிடும்போது "அன்புள்ள திரு. சுப்பிரமணியம்" என்று அப்பாவுக்குப் பரிசு போகும்.

5. அடையாள அட்டை எண்ணும் நன்கொடையும்

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைப்பு ஒவ்வொன்றும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியிட வேண்டும். சிறிய அமைப்பிலும் இதற்கு விலக்கில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி தளத்தின் அடியில் இருந்தாலும் போதும்.

2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்துவது அவசியமானாலோ தவிர அடையாள அட்டை எண்ணை வாங்கக்கூடாது. பேச்சுப்போட்டிக்கும் குடும்ப தினத்துக்கும் அது தேவையில்லை. பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். பழைய படிவத்தை அப்படியே புதிய தளத்துக்கு நகலெடுக்கும்போதுதான் இந்தக் கட்டம் கூடவே வந்துவிடுகிறது. 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. உங்கள் அமைப்பு ஐபிசி தகுதி (நன்கொடையாளருக்கு வரிக்கழிவு பெற்றுத்தரும் தகுதி) பெற்றதாக இருந்து, நன்கொடையாளர் வரிக்கழிவு கேட்டால், அவருடைய அடையாள எண் இல்லாமல் வரிக்கழிவு தானாகப் போய்ச் சேராது. அந்தப் படிவத்தைத் தனியாக வையுங்கள், "வரிக்கழிவு வேண்டும்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் அந்தக் கட்டம் திறக்கட்டும்.

பணம் வாங்க பேநவ் (வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் வசதி) க்யூஆர் வைப்பதா, அட்டை வைப்பதா? அட்டைக் கட்டணங்களைப் பெற்றுத்தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் சிங்கப்பூரில் உள்ளூர் அட்டைகளுக்கு வெளியிட்டிருக்கும் கட்டணம் 3.4 விழுக்காடும் 50 காசும். 10 வெள்ளி அர்ச்சனைக்கு 84 காசு போய்விடும்; 200 வெள்ளி நன்கொடைக்கு 7 வெள்ளி 30 காசு. சிறு தொகைக்கு பேநவ்தான் கட்டுப்படியாகும். ஆனால் தளத்தில் க்யூஆர் படத்தை மட்டும் ஒட்டிவைத்தால், யார் எதற்குக் கட்டினார் என்று பொருளாளர் இரவெல்லாம் வங்கிக் கணக்கோடு பொருத்திக்கொண்டிருப்பார். ஒவ்வொரு பதிவுக்கும் தனிக் குறிப்பெண்ணோடு க்யூஆர் உருவாக்கித் தரும் வசதியைக் கொட்டேஷன் கேட்கும் தாளிலேயே கேட்டுவிடுங்கள்.

6. கொட்டேஷன் வாங்குதல்

மூன்று இடத்தில் கேளுங்கள், மூவருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். 2, 3, 4, 5 ஆகிய படிகளில் எழுதியவைதான் அந்தத் தாள். பெரிய தொகை என்றால் ஏலக்குத்தகை விட வேண்டுமா என்று அமைப்பின் கொள்முதல் விதியை முதலில் பாருங்கள்.

விலையை ஒப்பிடும்போது கீழ்வரும் இடங்களில் கண் வையுங்கள். பொருள் சேவை வரி சேர்த்தா, சேர்க்காமலா? 12,000 வெள்ளி என்று எழுதியிருந்தால் 9 விழுக்காடு சேர்ந்து 13,080. உங்கள் அமைப்பு அந்த வரிக்குப் பதிந்திராவிட்டால் 1,080 வெள்ளி திரும்பி வராது. "உள்ளடக்கம் ஏற்றுதல்: 20 பக்கம் வரை" என்ற வரி எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும், மீதி 220 பக்கம் யார் தலையில்? திருத்தம் எத்தனை சுற்று? செருகுநிரல் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்), வார்ப்புரு உரிமங்கள் முதல் ஆண்டுக்கு மட்டுமா, யார் பெயரில்? இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு என்று தனி வரியாக எழுதி வாங்குங்கள். முதல் விலை குறைவாகவும் பராமரிப்பு கூடுதலாகவும் இருப்பவர், மூன்றாண்டுக் கணக்கில் விலை கூடியவராகத் தெரிவார். மூன்றாண்டுக் கூட்டுத்தொகையைத்தான் செயலவைக்குக் காட்ட வேண்டும்.

பணத்தை 30, 30, 30, 10 விழுக்காடு எனப் பிரியுங்கள்: கையெழுத்தில், வடிவ ஒப்புதலில், தளம் திறந்ததும், திறந்து 30 நாள் கழித்து. அந்தக் கடைசி 10 இல்லாவிட்டால் திறந்த பிறகு தொலைபேசியை எடுப்பவர் குறைவு. மானியம் எதற்காவது விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், முன்பணம் கட்டுமுன் விதிகளைப் படியுங்கள். கட்டிய பிறகு விண்ணப்பித்தால் தகுதி போய்விடும் மானியங்கள் உண்டு.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: உள்ளடக்கமும் தரவுத்தளமும் அமைப்புக்கே சொந்தம், எல்லாக் கணக்கும் அமைப்பின் பெயரில், கேட்டால் முழுப் பிரதி தர வேண்டும்.

7. எப்போது திறப்பது

பின்னாலிருந்து எண்ணுங்கள். பொங்கலும் தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் ஆண்டின் முதல் இரு மாதங்களைத் தின்னும். ஏப்ரல் தமிழ்மொழி விழா. ஜூனில் பள்ளி விடுமுறை, தொண்டூழியர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். நவராத்திரியிலிருந்து தீபாவளி வரை கோயில் தளத்தைத் தொடவே கூடாது. மிஞ்சுவது ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை. அதற்கு ஜனவரியில் சாவி தேடும் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் நடுவில் வந்தால், வடிவ ஒப்புதலை அதற்கு முன்பே தீர்மானமாக்குங்கள். புதிய செயலவை வந்ததும் "நிறம் பிடிக்கவில்லை" என்று முதலிலிருந்து தொடங்கிய கதைகள் ஏராளம்.

8. மாற்றும் நாள்

செவ்வாய் அல்லது புதன் காலை. வெள்ளி மாலை வேண்டவே வேண்டாம்.

இரண்டு நாளுக்கு முன் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைச் சேவையகத்தோடு இணைக்கும் பதிவேடு) பதிவுகளின் டிடிஎல் மதிப்பை, அதாவது பழைய விவரம் மற்ற கணினிகளில் தங்கும் நேரத்தை, 300 விநாடியாகக் குறையுங்கள். மாற்றும்போது தளம் எந்தச் சேவையகத்தில் என்று காட்டும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுங்கள். பெயர்ச் சேவையகத்தையே புதிய நிறுவனத்துக்கு மாற்றச் சொன்னால், பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் மூன்றும் புதிய இடத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தளம் அழகாகத் திறந்திருக்க, செயலாளருக்கு மூன்று நாளாக ஒரு மின்னஞ்சலும் வராதது இதனால்தான். திறந்த ஐந்தாவது நிமிடம் வெளியிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்.

விரிதாளின் "புதிய முகவரி" கட்டம் இப்போது உதவும். பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்கு 301 மாற்றுவழி (வருபவரை நிரந்தரமாகப் புதிய முகவரிக்குத் திருப்பும் ஏற்பாடு) வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அவற்றைக் காணாமற்போன பக்கமாகவே கருதும். குறைந்தது ஓர் ஆண்டு அந்த மாற்றுவழிகளை விட்டுவையுங்கள்.

சோதனைத் தளத்தில் "தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம்" என்று தேர்ந்தெடுத்திருப்பார்கள். திறந்ததும் அதை எடுத்தார்களா என்று நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். எடுக்காவிட்டால் சில வாரத்தில் தளம் கூகுளிலிருந்து மறைந்துவிடும்.

தரவுத்தளம் இடம் மாறும்போது குறியாக்கம் பிசகினால், தமிழுக்குப் பதிலாகத் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வரும். முகப்பு நன்றாக இருந்தாலும் 2010ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பின்னூட்டம் ஒன்று, படத்தின் விளக்கவரி ஒன்று என்று திறந்து பாருங்கள்.

9. அடுத்த 3 மாதம்

முதல் மாதம் வாரம் ஒருமுறை சர்ச் கன்சோலில் 404 (காணாத பக்கம்) பட்டியலைப் பார்த்து, விடுபட்ட மாற்றுவழிகளைச் சேருங்கள். யார் எந்தப் பக்கத்தைத் திருத்துவது என்று இரண்டு பேருக்காவது பயிற்சி கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் தேசிய சேவைக்கோ மேற்படிப்புக்கோ போகும் நாளில் தளமும் நின்றுவிடும்.

பழைய ஹோஸ்டிங்கை 3 மாதம் நிறுத்தாதீர்கள். நிறுத்துவதற்கு முந்தைய வாரம் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் முழுப் பிரதி எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து, பழைய விழா மலர் ஒன்றின் பக்கத்தைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். படிக்க முடிந்த பிறகு பொருளாளரிடம் சொல்லி அந்தத் தானியங்கிக் கட்டணத்தை நிறுத்தலாம்.